கத்தரிக்கோல் பட்ட பக்கங்கள்

போன மாரியில் எங்கள் ஊர் வாசிகசாலையின் கூரைத் தகரம் ஒரு மூலையில் கிளம்பி, பேப்பர் அடுக்கி வைத்திருந்த அலுமாரிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. மழை விட்ட ஒரு சனிக்கிழமை நானும் இரண்டு பொடியன்களுமாகப் பழைய பேப்பர்க் கட்டுகளைத் தூக்கி வெயிலில் போட்டோம். எல்லாம் 2010க்குப் பிறகு வந்தவை. அதற்கு முந்தியது ஒன்றும் இல்லை. வன்னியில் யாரிடமும் அதற்கு முந்திய கடதாசி இருப்பது அபூர்வம், ஏனென்று இதை வாசிக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சணல் கயிற்றை அவிழ்த்து ஞாயிறு பேப்பர்களை ஒவ்வொன்றாக விரித்தபோதுதான் கண்டேன். சிறுவர் பக்கத்தின் அடியில் ஓர் ஓட்டை. அடுத்த கிழமைப் பேப்பரிலும் அதே இடத்தில் ஓட்டை. கறையான் தின்றால் நேர்கோடு வராது. எலி கடித்தால் ஓரம் பிசிறாக இருக்கும். இது கத்தரிக்கோல் வேலை, அதுவும் அவசரப்படாத கை. நாலு மூலையும் பிசகாமல், பக்கத்துச் செய்தியின் ஓர் எழுத்தைக்கூடத் தொடாமல் வெட்டியிருந்தது. அது என்ன இடம் என்று உடனே விளங்கிவிட்டது. சித்திரக்கதை வரும் இடம்.

பேப்பர்களை வருடப்படி சீமெந்துத் தரையில் வரிசையாக விரித்து வைத்தேன். காய வைப்பதற்காகத்தான் தொடங்கினேன், பிறகு அந்த ஓட்டைகளைப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. 2011 இல் ஓட்டையின் நீளம் ஒரு சாணுக்கு மேல், உயரம் எட்டு விரற்கடை. கையை விட்டு மறுபக்கத்தால் எடுக்கலாம். 2014 அளவில் அது பாதியாகியிருந்தது. 2017 பேப்பரில் இரண்டு தீப்பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எவ்வளவோ அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஓட்டையே இல்லை. பக்கங்கள் முழுசாக இருந்தன. 2019 க்குப் பிறகு வெட்டுவதற்கே அங்கே ஒன்றும் இருக்கவில்லை. அந்த முழுப் பக்கங்களைப் பார்த்தபோதுதான் எனக்கு நெஞ்சு கனத்தது.

இதில் எனக்கொரு பழைய கணக்கு இருக்கிறது. சித்திரக்கதையைப் போன்தான் விழுங்கியது என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். வாசிப்பு மாதம் என்று ஒக்டோபரில் பள்ளிக்கூடங்களுக்குப் பேசக் கூப்பிடுவார்கள், அங்கேயும் இதையே சொல்லியிருக்கிறேன். என் தங்கச்சியின் மகனுக்கு ஒன்பது வயது. ஒருநாள் ஒரு பழைய ஞாயிறு பேப்பரில் வந்த தொடர்கதைக் கட்டங்களை அவனிடம் காட்டினேன். வாசித்தான். கடைசிக் கட்டத்தில் 'தொடரும்' என்று இருந்தது. "அடுத்தது எங்க மாமா?" என்றான். அடுத்த கிழமைதான் வரும் என்றேன். "அதுக்குள்ள மறந்துபோயிடும்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டான். அந்தப் பதில் எனக்குள் முள்ளுப் போலக் கிடந்தது. பிள்ளைகள் மாறிவிட்டார்கள், காத்திருக்க ஏலாது, அதனால் சித்திரக்கதை செத்தது என்று முடிவு கட்டியிருந்தேன். ஆனால் தரையில் விரிந்து கிடந்த அந்த ஓட்டைகள் வேறு என்னவோ சொல்லின.

கச்சான் சரை

நான் சித்திரக்கதை வாசிக்கப் பழகியது பேப்பரில் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். பழகியது கச்சான் சரையில். தொண்ணூறுகளில் மல்லாவி பெரிய பட்டினம் மாதிரி இருந்தது. 1996 இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்து, அடுத்த வருடம் ஜெயசிக்குறு என்ற இராணுவ நடவடிக்கை தொடங்கி, சனம் முழுக்க எங்கள் பக்கம் வந்து குவிந்திருந்தது. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடை ஓய்ந்தபாடில்லை. மண்ணெண்ணெய் இல்லை, பற்றரி இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சைப் போட்டுக் கொஞ்சம் எண்ணெய் விட்டு எரிப்போம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதிக்க, டைனமோவில் றேடியோவைப் பூட்டிச் செய்தி கேட்போம். கோடு போட்ட கொப்பித் தாளில் அடித்த பேப்பரை நான் கையில் வைத்து வாசித்திருக்கிறேன். அந்தக் கோடுகளுக்கு மேலே எழுத்து ஓடும், கண்ணுக்கு நோகும், ஆனாலும் கடைசி வரி வரைக்கும் வாசிப்போம்.

கொழும்புப் பேப்பர் எங்களுக்கு வருவது பேப்பராக இல்லை, பொதியாக. எப்படியோ தடை தாண்டி வந்த சாமானைச் சுற்றிக்கொண்டு வரும், பிறகு கடைக்காரரின் மேசைக்கடியில் கிடக்கும், பிறகு கிழிபட்டுச் சரையாகும். சந்தையடியில் ஓர் ஆச்சி கச்சான் விற்பார். நூறு கிராம் கச்சானுக்கு ஒரு சரை. எனக்குக் கச்சானைவிடச் சரைதான் பெரிது. தின்று முடித்ததும் சரையை மெல்லப் பிரித்து, மடிப்பை விரலால் நீவி, தொடையில் வைத்து விரிப்பேன். உப்பும் தோலும் ஒட்டியிருக்கும். பத்துச் சரையில் ஒன்றில் படம் இருக்கும். அதுவும் முழுசாக இருக்காது. இரண்டாம் கட்டத்தின் பாதியும் மூன்றாம் கட்டமும் மட்டும். ஒரு பெண் கிணற்றடியில் நின்று அழுகிறாள், அடுத்த கட்டத்தில் ஒரு மோட்டார்ச் சைக்கிள் படலையடியில் நிற்கிறது, அவ்வளவும்தான். யார் வந்தது? ஏன் அழுதாள்? எந்தப் பேப்பர், எந்தத் திகதி, கதையின் பெயர் என்ன, ஒன்றும் தெரியாது. ஆச்சியிடம் திரும்பப் போய், "அந்தப் பேப்பரின்ர மற்றப் பக்கம் இருக்கோ ஆச்சி?" என்று கேட்டிருக்கிறேன். அவர் திட்டவில்லை. கட்டைக் கிளறிப் பார்த்துவிட்டு, "அது ஆரோ திண்டிட்டினம் ராசா" என்றார்.

ஆகவே மிச்சத்தை நாங்களே செய்தோம். நானும் கூட்டாளிகள் நாலைந்து பேரும் வவுனிக்குளக் கட்டில் இருந்துகொண்டு அந்தப் பெண்ணின் கதையை ஒரு கிழமை முழுக்கக் கதைத்தோம். ஒருவன் மோட்டார்ச் சைக்கிளில் வந்தது தமையன் என்றான். இன்னொருவன் காசுக்காரன் என்றான். எனக்கு அவள் காணாமற்போன ஒருவருக்காக அழுகிறாள் என்று பட்டது. இரண்டு கட்டங்களுக்கு நடுவில் இருக்கும் வெள்ளை இடைவெளியில் வாசிக்கிறவர் குடியிருக்கிறார். எங்களுக்கோ அந்த இடைவெளி ஒரு வளவு அளவுக்கு அகன்று கிடந்தது.

என் அப்பாவின் காலம் வேறு. அவருக்குச் சித்திரம் என்றால் சவாரித்தம்பர்தான். சுந்தர் என்று எல்லோரும் சொல்லும் சிவஞானசுந்தரம் வரைந்த தம்பரும் சின்னக்குட்டியும் தினகரனில் வந்து, பிறகு அவரே அறுபதுகளில் தொடங்கிய சிரித்திரன் என்ற நகைச்சுவை இதழில் வாழ்ந்தார்கள். அப்பா அவர்களைப் பக்கத்து வளவுக்காரர் மாதிரிக் கதைப்பார். எங்கள் கதையை எங்கள் ஆட்களே வரைந்த காலம் அது. அது எனக்குக் கிடைக்கவில்லை என்ற ஏக்கம் இப்போதும் உண்டு. எங்கள் கைக்கு வந்தது, அட்டை கிழிந்து பத்துப் பேர் கை மாறிய ராணி காமிக்ஸ். அதில் வரும் முகமூடி வீரர் மாயாவிதான் எங்களுக்கு எல்லாமே. அந்த மாயாவி லீ ஃபால்க் 1936 இல் தொடங்கிய நாளிதழ்க் கதை என்பதும், ஒரு நாளைக்கு ஒரு வரிசைக் கட்டம் என்று நியூயோர்க்கில் யாரோ தேத்தண்ணி குடித்துக்கொண்டு வாசித்தது என்பதும் எனக்குப் பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர்களும் ஒரு நாள் பேப்பர் தவறினால் கதையின் ஒரு துண்டை இழந்திருப்பார்கள். 1945 யூலையில் அங்கே பேப்பர் விநியோகிப்பவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, நகர மேயர் லாகார்டியா வானொலியில் வந்து சித்திரக்கதைகளைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினாராம். இதை முதன்முதல் அறிந்தபோது கவிழ்த்து வைத்த சைக்கிள்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. ஒரு மேயர் அதற்கு நேரம் ஒதுக்கினார் என்றால் அந்த நாலு கட்டங்களுக்கு அந்த ஊரில் எவ்வளவு பெறுமதி இருந்திருக்க வேண்டும்!

சுருங்கியது யார்?

தரையில் விரித்த பேப்பர்களுக்குத் திரும்பி வருகிறேன். ஓட்டை சுருங்கிய கணக்கைப் பார்த்த பிறகு, உலகத்தில் மற்ற இடங்களிலும் இப்படித்தானா என்று தேடத் தொடங்கினேன். இப்படித்தான். அமெரிக்காவில் கால்வின் அண்ட் ஹாப்ஸ் என்ற தொடரை வரைந்த பில் வாட்டர்சன் இதற்காகவே சண்டை பிடித்த மனிதர். கட்டங்களைச் சின்னதாக்கிக்கொண்டே போனால் வரைவதற்கு இடம் ஏது, கடைசியில் தலைகள் மட்டும் கதைத்துக்கொண்டிருக்கும் என்பது அவருடைய வழக்கு. 1992 இல், தன்னுடைய ஞாயிறுக் கதைக்குப் பிரிக்க முடியாத அரைப் பக்கம் வேண்டும் என்று நின்று வாங்கினார். பல ஆசிரியர்கள் முணுமுணுத்தார்கள். அந்த அரைப் பக்கத்தில் அவர் வரைந்த மரங்களையும் பனியையும் பார்த்தால் ஏன் கேட்டார் என்று விளங்கும். 1995 டிசெம்பர் 31 ஆம் திகதியோடு தானாகவே நிறுத்தியும் விட்டார். அப்போது அது 2,400 பேப்பர்களில் வந்துகொண்டிருந்தது. பீனட்ஸ் வரைந்த சார்ள்ஸ் ஷுல்ஸ் ஐம்பது வருடம் ஓயாமல் வரைந்து, கடைசி ஞாயிறுக் கதை அச்சில் வருவதற்கு முதல் நாள், 2000 பெப்ரவரி 12 இல் இறந்தார். அவருடையது 2,600க்கு மேற்பட்ட பேப்பர்களில். இப்படிப்பட்ட கூட்டம் இருந்த நாட்டிலேயே 2022 இல் லீ என்டர்பிரைசஸ் என்ற நிறுவனம் தன்னுடைய பல பேப்பர்களில் சித்திரக்கதைப் பக்கத்தை அரைப் பக்கமாக வெட்டியது. அதே வருடம்தான் எங்கள் நாட்டில் டொலர் இல்லாமல் அச்சுத்தாள் தட்டுப்பாடாகி, மார்ச்சில் ஐலண்ட், திவயின என்ற இரண்டு பேப்பர்களும் சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்திவைத்தன.

அப்புறம் எங்கள் தமிழ்ப் பேப்பர்களுக்கென்று இன்னொரு காரணம் இருக்கிறது. மரண அறிவித்தல், முப்பத்தோராம் நாள், ஆண்டு நினைவஞ்சலி. காசு கொடுத்துப் போடும் அறிவித்தல்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அரைப் பக்கம், முழுப் பக்கம் என்று எடுக்கிறார்கள். அந்த இடம் எங்கிருந்தாவது வர வேண்டும், காசு தராத நாலு கட்டத்திடமிருந்துதான் முதலில் வரும். அந்த அறிவித்தல்கள் மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. என் அம்மா பேப்பர் வந்ததும் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான். 2009 இல் பிரிந்தவர்களின் படங்களைச் சித்திரை, வைகாசி மாதங்களில் அதில் பார்க்கும்போது நானும் பக்கத்தைப் புரட்டாமல் நின்றுவிடுவேன். ஆனால் பிள்ளைகளுக்கென்று இருந்த ஒரு சாணை எடுத்துவிட்டு, பிள்ளைகள் பேப்பரைத் தொடுவதில்லை என்று குறை சொல்வது நியாயமில்லை. எழுத்து வாசிக்க முடியாத அளவுக்குக் கட்டத்தைச் சின்னதாக்கியது பிள்ளை அல்ல. ஒரு கிழமை போட்டு, மறு கிழமை விளம்பரம் வந்தது என்று விட்டு, 'தொடரும்' என்ற சொல்லின் நாணயத்தைக் கெடுத்ததும் பிள்ளை அல்ல. தமிழ்நாட்டில் தினத்தந்தியில் கன்னித்தீவு 1960 இல் தொடங்கி இன்னும் ஓடுகிறது. ஒருமுறை சென்னையில் ஒரு தேநீர்க்கடையில், அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் பேப்பரை எடுத்ததும் நேரே அந்த மூன்று கட்டத்துக்குப் போய், வாசித்துவிட்டு, பிறகு முதற்பக்கத்துக்கு வந்ததைக் கண்டேன். நாள் தவறாமல் வைத்த இடத்தில் வைத்தால் ஆள் வருவார்.

ரீச்சரின் பெட்டி

சரி, ஓட்டைகளை வெட்டியது யார்? பேப்பர் காயப்போட வந்த பொடியன்களில் ஒருவன், ஊருக்கே தெரிந்த சங்கதி என்பது போல, "அது ரீச்சர் வெட்டுறது அண்ணை" என்றான். எங்கள் ஒழுங்கைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறார். ஆரம்பப் பிரிவில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அன்று பின்னேரமே போனேன். வாசிகசாலைப் பேப்பரை வெட்டியதற்கு விளக்கம் கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, முதலில், "நான் கேட்டுத்தான் வெட்டினனான் தம்பி, கிழமை முடிஞ்ச பேப்பர்" என்றார். நான் விசயத்தைச் சொன்னதும் உள்ளே போய், அரிசி மா வாளிக்குப் பின்னால் இருந்த ஒரு தகரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார்.

பெட்டிக்குள் பிறிஸ்டல் போட்கள், தடித்த மட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சித்திரக்கதை கோதுமை மாப் பசையால் ஒட்டியிருந்தது. ஆனால் கதைக்கிறவர்களின் வாய்க்கு மேலே இருக்கும் முட்டைகள் எல்லாம் வெறுமையாக இருந்தன. ரிப்பெக்ஸ் போட்டு எழுத்தை அழித்திருந்தார். படம் மட்டும் மிச்சம். அதன் கீழே பிள்ளைகளின் கையெழுத்தில் கொப்பித் துண்டுகள், வரிசையாக. "வாசியுங்கோ எண்டு குடுத்தால் அதுகள் ஓடிப்போயிடுங்கள் தம்பி. பேசுற இடத்தை அழிச்சுப்போட்டு, இவர் என்ன சொல்லுறார் எண்டு கேட்டால் விடாதுகள். அடிபட்டுக்கொண்டு எழுதுங்கள்" என்றார். புத்தகம் இல்லாத பள்ளிக்கூடம், தறப்பாளுக்குக் கீழே வகுப்பு, கிடைத்தது ஞாயிறு பேப்பர் ஒன்று. அதை வைத்து ஓடியிருக்கிறார்.

ஒரு போட்டை மட்டும் தனியே எடுத்து என் மடியில் வைத்தார். 2011 இல் ஒட்டியது. நாலு கட்டம். தலைப்பாகை கட்டிய ஒரு கமக்காரர் சந்தைக்குப் போகிறார், மூட்டையை விற்கிறார், வழியில் யாரோடோ கதைக்கிறார், கடைசிக் கட்டத்தில் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வெறும் முற்றத்தைப் பார்த்தபடி நிற்கிறார். அசல் கதை ஏதோ பகிடியாகத்தான் இருந்திருக்க வேண்டும், அவருடைய கண் இரண்டும் பிதுங்கி, தலைப்பாகை மேலே எழும்பி நிற்கிறது. மனைவி மாட்டை விற்றுவிட்டாளோ என்னவோ. கீழே பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். 'என்ர கோழி எங்க?' 'கறன்ட் வந்திட்டுதோ?' 'அம்மா தண்ணி அள்ளப் போட்டா.' 'எங்கட வீடு இதில தான் இருந்தது.' இந்தக் கடைசி வரியை மூன்று பிள்ளைகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். எல்லோரும், போர் முடிந்தபின் சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் முகாமால் வந்து ஒன்றரை வருடம் ஆகாத பிள்ளைகள். மூலையில் ஒரு துண்டு இருந்தது. அதில் முட்டை மட்டும் வரைந்து, உள்ளே ஒன்றும் எழுதவில்லை. பெயர் மட்டும் அழகாக எழுதியிருந்தது. ஏன் எழுதேல்லை என்று ரீச்சர் அப்போது கேட்டாராம். அந்தப் பிள்ளை, "அவர் கதைக்கேல்லை ரீச்சர். யோசிக்கிறார்" என்றதாம்.

நான் அந்தப் போட்டை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். ரீச்சர் தேத்தண்ணி போட எழும்பிப் போனார். வேலியில் அணில் ஓடியது. குளக்கட்டில் நாங்கள் நாலைந்து பேர் இருந்து கட்டிய கதை எனக்குத் திரும்ப வந்தது. இந்தப் பிள்ளைகளிடம் போன் இருக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அவர்களைப் பேச வைத்தது போன் இல்லாதது அல்ல. அகலமாக வரைந்த ஒரு முற்றம் அங்கே இருந்தது. அந்த முற்றம் ஒரு சாண் நீளக் கதையில் இருந்தபடியால்தான் ஒரு பிள்ளை அதற்குள் போய்த் தன் வீட்டைத் தேடியது. அதே கமக்காரரை இரண்டு தீப்பெட்டி அகலத்தில் அச்சடித்தால் தலைப்பாகையும் வாயும் தெரியும், முற்றம் தெரியாது. 2017க்குரிய போட்களைப் பெட்டியில் தேடினேன். மூன்றுதான் இருந்தன. "கட்டம் சின்னனாப் போச்சு, பொடியளுக்கு ஒண்டும் தெரியேல்லை எண்டு சொல்லிச்சுதுகள். பிறகு நான் வெட்டேல்லை" என்றார். பேப்பரில் கதை நிற்பதற்கு இரண்டு வருடம் முன்பே எங்கள் ஊரில் அது நின்றுவிட்டிருந்தது.

அந்தக் கடைசிக் கட்டத்தில் அசலாக என்ன எழுதியிருந்தது என்று அறிய ஆசையாக இருந்தது. போட்டை யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்துப் பார்த்தேன். ரிப்பெக்ஸ் தடிப்பு. ஓர் எழுத்தும் தெரியவில்லை.

மருமகனையும் ஒருநாள் ரீச்சர் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். கமக்காரர் போட்டைக் காட்டவில்லை, அது அவனுக்கு இப்போது வேண்டாம். ஒரு நாயும் ஒரு பிள்ளையும் வரும் வேறொரு கதை, நல்ல அகலமானது. ரீச்சர் ஒன்றும் விளங்கப்படுத்தாமல் பென்சிலைக் கொடுத்தார். கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டு இருந்தவன், மூன்றாம் கட்டத்தில் எழுதியதை அழித்து அழித்து மூன்று முறை எழுதினான். நாய் என்ன சொல்கிறது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது, பிள்ளை என்ன சொல்கிறது என்பதில்தான் சிக்கல். வீட்டுக்கு வரும் வழியில் சைக்கிள் பாறில் இருந்தபடி, "மாமா, மூண்டாவதை நாளைக்கு மாத்தலாமோ?" என்று கேட்டான். மறந்துபோயிடும் என்று சொன்ன அதே பிள்ளைதான்.

இப்போது சனிக்கிழமை பின்னேரங்களில் வாசிகசாலைத் திண்ணையில் ரீச்சர் வந்து இருக்கிறார். கூரையை அடித்துச் சரிசெய்துவிட்டோம். ஏழெட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள், சில நாள் பன்னிரண்டு. பெட்டியில் இருந்த பழைய கதைகளைப் பெருப்பித்துப் போட்டோப் பிரதி எடுத்துக் கொடுக்கிறோம், மாங்குளத்தில் ஒரு கடைக்காரர் தாளுக்கு மட்டும் காசு எடுக்கிறார். ஆனால் பழையவை முடியப் போகின்றன. படம் வரையத் தெரிந்தவர்கள் இதை வாசித்தால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எங்கள் வளவு, எங்கள் ஒழுங்கை, குளக்கட்டு, பஸ் தரிப்பிடம், எதையாவது நாலு கட்டத்தில் வரைந்து அனுப்புங்கள். ஒரு முழுத் தாள் அகலத்துக்கு இருக்கட்டும். முட்டைகளுக்குள் ஒன்றும் எழுத வேண்டாம். கடைசிக் கட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக விடுங்கள்.